புயல் பாதிக்கும் கடலோர வீடுகளில் மின் பாதுகாப்பு

புயல் பாதிக்கும் கடலோர வீடுகளில் மின் பாதுகாப்பு என்பது பலத்த காற்று, வெள்ளம், உப்புக் காற்று ஆகியவற்றால் வீட்டு மின் இணைப்பில் உண்டாகும் ஆபத்துகளைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடுகளையும் பழக்கங்களையும் குறிக்கும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் இதன் தேவை மிகுதி. புயல் வீசும்போது மட்டுமன்றி, அது ஓய்ந்த பிறகு அறுந்த கம்பியை மிதிப்பதாலும், நனைந்த வீட்டில் சுவிட்சைப் போடுவதாலும் உயிரிழப்புகள் நேர்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை.

பின்னணி

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயலும், 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே வர்தா புயலும் கரையைக் கடந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைக் கடுமையாகப் பாதித்தது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளம் உள்ளிட்ட பிற மாநிலங்களின் மின் ஊழியர்களும் சீரமைப்புக்கு வந்தனர். பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

உப்புக் காற்றின் விளைவு

கடலிலிருந்து தொலைவிலுள்ள திருப்பூர் மாவட்டத்து முதலிபாளையம் போன்ற ஊரில் நெடுங்காலம் உழைக்கும் சுவிட்ச் போர்டு, கடற்கரை ஊரில் அவ்வளவு காலம் தாங்காது. காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்துப் போர்டின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் ஆதலால் மின்கசிவு தொடங்குகிறது. செம்புக் கம்பியின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, இரும்புத் திருகுகள் துருப்பிடிக்கின்றன. இணைப்பு தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். மின்தடை கூடினால் வெப்பம் உண்டாகும். வெப்பம் தீ விபத்தில் முடியலாம். போர்டில் கருகிய வாடை, பழுப்பு நிறம், விளக்கு மினுக்குதல் ஆகியவை இதன் முன்னறிகுறிகள்.

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும்

எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காது என்பது பரவலான தவறான நம்பிக்கை. ஃபியூஸும் எம்.சி.பி.யும் வயர் சூடேறி எரியாமல் காப்பவை. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் தடுப்புக் கருவியே.

இதனை எளிய கணக்கால் அறியலாம். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், உடல் வழியே பாயும் மின்னோட்டம் 230 ÷ 1,000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இதில் பாதி அளவே போதும். ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு சிறு பல்பின் சுமை போன்றதுதான், அது விழாது.

ஆர்.சி.சி.பி. வேறு முறையில் இயங்குகிறது. பேஸ் கம்பியில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். உடலில் பாயும் மின்னோட்டத்தின் விளைவுகளை ஆராய்ந்த கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் 1960களில் இவ்வகைக் கருவி ஒன்றை உருவாக்கினார்.

இக்கருவிக்கும் எல்லைகள் உண்டு. ஒருவர் ஒரே நேரத்தில் பேஸையும் நியூட்ரலையும் தொட்டு, தரைக்குக் கசிவு இல்லாவிட்டால் அது உணராது. கூடுதல் சுமையையும் தடுக்காது. எனவே இரண்டு கருவிகளும் தேவை. ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் கருவியை மாற்ற வேண்டும்.

எர்த்தும் நியூட்ரலும்

பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் கம்பி இல்லாததால், மூன்று முனை பிளக் பாயிண்டில் எர்த் முனையை நியூட்ரலுடன் இணைத்துவிடுவது உண்டு. சாதாரண நாளில் இதன் ஆபத்து தெரியாது. புயலில் தெருக் கம்பியின் நியூட்ரல் அறுந்தால், குளிர்பதனப் பெட்டி, கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் உலோக உடல் முழுவதிலும் 230 வோல்ட் ஏறிவிடும். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் குழியும், அதிலிருந்து எல்லாப் பாயிண்டுகளுக்கும் பச்சை நிற எர்த் கம்பியும் இருத்தல் அவசியம்.

நியூட்ரல் அறுவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. மும்முனை இணைப்புள்ள தெருவில் இவ்வாறு நேர்ந்தால், சில வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்டிலிருந்து 400 வோல்ட் வரை உயரக்கூடும். சாதனங்கள் கருகும். புயல் நெருங்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிவிடுவது இதற்கு எளிய தீர்வு.

செய்ய வேண்டிய மேம்பாடுகள்

* மெயின் போர்டு, பிளக் பாயிண்டுகள் ஆகியவற்றை முந்தைய வெள்ளத்தின் நீர்மட்டத்துக்கு மேல் அமைத்தல்.
* தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி சர்க்யூட் அமைத்தல். கீழே நீர் புகுந்தால் அதை மட்டும் அணைக்கலாம்.
* வெளிப்புறத்தில் இரும்புப் பெட்டிக்குப் பதில் நீர்புகா பிளாஸ்டிக் பெட்டி பொருத்துதல்.
* ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற செம்பு வயரையே பயன்படுத்துதல்.
* சர்வீஸ் வயர் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் அதைச் சற்றே கீழ்நோக்கி வளைத்துவிடுதல். மழைநீர் உள்ளே போகாமல் வெளியே சொட்டிவிடும்.
* மழைக்காலத்துக்கு முன் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தையும் இணைப்புகளையும் சோதித்தல்.

ஜெனரேட்டர் பயன்பாடு

ஜெனரேட்டரை நேரடியாகப் பிளக் பாயிண்டில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். அந்த மின்சாரம் தெருக் கம்பி வழியே மின்மாற்றியை அடைந்து, எதிர்த்திசையில் 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். கம்பத்தில் பழுது பார்க்கும் ஊழியர் அதற்குப் பலியாகலாம். ஆகவே மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டரும் ஒருபோதும் ஒன்றுசேராதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்த வேண்டும். புகையில் நச்சு வாயு இருப்பதால் ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்கக் கூடாது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், மெயினை அணைத்த பின்னும் சில வயர்களில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

புயலுக்குப் பின்

அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே கருத வேண்டும். சுற்றியுள்ள ஈரத் தரையிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். இரு பாதங்களுக்கும் இடையே தூரம் கூடினால் அவற்றுக்கிடையிலான மின்னழுத்த வேறுபாடும் கூடும். எனவே அருகில் சிக்கியவர் பாதங்களைச் சேர்த்து வைத்து, தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்தபடி விலக வேண்டும். கம்பி அறுந்ததை மின்வாரியத்தின் மின்னகம் சேவைக்கு 94987 94987 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

நீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது. நீரில் மூழ்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., சுவிட்சுகள் ஆகியவற்றைக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும். வயர்களை 500 வோல்ட் மெகர் கருவியால் சோதித்து, காப்பு மின்தடை 1 மெகாஓமுக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே மின் இணைப்பு கொடுக்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு மின்சாரம் தாக்கினால், அவரை உடனே தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாதபோது, உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்கலாம். தெருக் கம்பியால் தாக்கப்பட்டவரை, மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் வரை நெருங்கக் கூடாது. பின்னர் 108 ஆம்புலன்சை அழைத்து, மூச்சு இல்லையெனில் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.