கத்தரிக்கு ஆவாரை வேலி ஏன்?

கத்தரிப் பூவின் மகரந்தப்பை பிளந்து திறப்பதில்லை. நுனித் துளை வழியாகத்தான் தூள் உதிரும். பூவைக் கவ்விக்கொண்டு, பறக்கும் தசைகளை அதிரவைக்கும் தேனீயால்தான் அதை நன்றாக உலுக்க முடியும். பட்டமரத்தைக் குடைந்து வாழும் கருவண்டும், மண்ணில் வளை தோண்டும் நீலப்பட்டைத் தேனீயும் அப்படிப்பட்டவை. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. காற்றே போதுமே என்பார்கள். ஓரளவு போதும்தான், ஆனால் அதிர்வு கிடைத்த பூக்களில் காய்ப்பும் காயின் எடையும் கூடுகின்றன.

கத்தரி பூக்காத மாதங்களில் இந்தத் தேனீக்கள் எதைத் தின்னும்? இங்கேதான் ஆவாரை உதவுகிறது. அதன் மகரந்தமும் அதிர்வுக்கே உதிரும், அது வறட்சியிலும் பூக்கும். தேன் மட்டும் அதில் கிடையாது, அதற்குத் தும்பையை விட்டுவைக்க வேண்டும். கூடவே அவை கூடு கட்ட வரப்பில் கொத்தாத கொஞ்சம் மண், ஒன்றிரண்டு பட்ட கிளைகள் (பார்க்க அழகாக இராதுதான்). வேலி பூச்சிகளுக்குப் புகலிடமாகுமே என்ற அச்சம் பாதி நியாயமானது: சுண்டை போன்ற கத்தரிக் குடும்பச் செடிகளை அங்கே வளர்த்தால் காய்த்துளைப்பான் புழு பெருகலாம். ஆனால் அந்தப் புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவிக்கும் உணவு பூந்தேனே. பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால் குளவியும் தேனீயும் சேர்ந்தே சாகும். வேலி நட்டும் பயனிராது.