அச்சமும் ஐயமும்: திகில் படத் தொடக்கக் காட்சி – ஒரு விளக்கம்

முன்னுரை

முத்தமிழுள் நாடகத் தமிழின் இன்றைய வடிவம் திரைப்படம் என்பதை மறுப்பார் இலர். கைபேசி ஒன்றே ஒளிப்பதிவுக் கருவியாகவும் படத்தொகுப்பு மேசையாகவும் அமைந்துவிட்ட இக்காலத்தில், திரைக்கலையை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. இவ்வெண்ணத்துடன் நம் துறை மாணவர் அறுவர், செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் திகில் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியைப் படமாக்கினர். அது முழுப்படம் அன்று. இரண்டு நிமிட அளவினதே. அம்முயற்சியின் வழியே நாம் கற்றவற்றைத் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சம் பிறக்கும் இடம்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அது பிறக்கும் களங்களையும் நான்காகக் கூறினார். இந்நான்கும் அஞ்சப்படும் பொருள்கள். திகில் படமோ அஞ்சப்படும் பொருளை உடனே காட்டுவதில்லை. ஏதோ நேரப்போகிறது என்று உணர்த்திவிட்டு, அது யாது, யாரால் என்பவற்றை மறைத்துவைக்கிறது.

ஆங்கில இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதற்குத் தந்த விளக்கம் பெயர்பெற்றது. இருவர் பேசிக்கொண்டிருக்கும் மேசைக்கடியில் குண்டு திடீரென வெடித்தால் பார்ப்பவர்க்கு ஒரு நொடி அதிர்ச்சியே உண்டாகும். குண்டு இருப்பதை முன்னரே அவர்க்குக் காட்டிவிட்டால், அதே பேச்சு முழுவதும் அவர் நெஞ்சம் பதைக்கும். எதைச் சொல்வது, எதை மறைப்பது, எப்போது சொல்வது என்னும் மூன்றுமே தொடக்கக் காட்சியின் இலக்கணம் எனலாம்.

தமிழில் முன்னோடிகள்

வீணை வித்தகர் எஸ்.பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' இவ்வகையில் தலையாயது. பாடலும் நடனமும் இன்றித் தமிழ்ப்படம் எடுக்க இயலும் என்பதை அது காட்டியது. 1943இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய நிகழ்ச்சியைப் பின்புலமாகக் கொண்ட அப்படத்தில், சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் தொடக்கத்திலேயே சுடப்பட்டு மடிகிறது. கதைத்தலைவனே முதலில் இறந்துபோனால், எஞ்சிய படம் எதைப் பற்றியது? சுட்டவர் யார் என்னும் ஒரே வினாவைப் பற்றியது. விசாரிக்கப்படும் ஒவ்வொருவர் கூற்றும் ஐயத்தை மற்றொருவர்மீது திருப்புகிறது.

மாணவர்க்கு இன்னும் நெருக்கமான சான்று 'ஊமை விழிகள்'. சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்றோர் ஒன்றுகூடி உருவாக்கி, 1986இல் வெளியிட்ட படம் அது. ஆபாவாணன் கதை எழுத, ஆர்.அரவிந்தராஜ் இயக்கினார். இளம்பெண்கள் மறைந்துபோகும் ஓர் இன்பச் சுற்றுலா இடமும், அம்மறைவை ஆராயப் புகும் செய்தித்தாளும் கதையின் அடிப்படை. சினிமாஸ்கோப் அகலத்திரையில் இளைஞர் எடுத்த அப்படம் பெருவெற்றி பெற்றது. திரைக்கலையைக் கல்லூரியில் முறையாகப் பயின்றோர் வணிகத் திரையிலும் வெல்லலாம் என்னும் நம்பிக்கையை அது விதைத்தது.

களமும் கதையும்

நம் மாணவர் வகுத்த கதை எளியது. செங்கற்பட்டில் அந்தி மயங்கும் வேளையில், நீலப் பையுடன் ஓர் இளைஞன் ஏரிக்கரையில் நடக்கிறான். அவனுடைய காலடியோசைக்குப் பின்னே வேறொரு காலடியோசை கேட்கிறது. அடுத்து விடியல், முப்பது கிலோமீட்டர்க்கு அப்பால் கடற்கரை. மணலில் ஒற்றைச் செருப்பும் நீலப் பையும் கிடக்கின்றன. அவன் என்ன ஆனான் என்பதே வினா.

பெண்ணொருத்தியின் பிணத்தோடு தொடங்கும் வழக்கத்தை மாணவியர் இருவர் உறுதியாக மறுத்தனர். குருதி ஒரு துளியும் காட்டுவதில்லை என்பதும் அவர்கள் இட்ட கட்டளையே.

இரயில் நிலையத்தில் படமெடுக்கத் துறையினரின் இசைவு வேண்டும். ஆகவே நிலையத்தை விடுத்துக் கொளவாய் ஏரிக்கரையைத் தேர்ந்தனர். ஏரியை ஒட்டிச் செல்லும் தண்டவாளத்தில் வண்டி கடக்கும்போது, ஒளிவீசும் சன்னல்களின் வரிசை நீரில் நெளிந்தோடுகிறது. நிலையத்தைக் காட்டாமலே இரயில் வந்த செய்தி இதனால் புலப்பட்டது. மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984 முதல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் உள்ளவை. அங்குப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் முன்னிசைவு தேவை. எனவே கோயிலை விட்டு விலகிச் சவுக்குத் தோப்பை ஒட்டிய மீனவர் கரையொன்றில், ஊராரிடம் கேட்டு, அவர்கள் ஒப்புதலுடன் படமெடுத்தனர்.

படப்பிடிப்பில் கற்றவை

முதற்பாடம் ஒளி பற்றியது. நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. கடலின்மேல் கதிரவனை வைத்து ஆளை நிழலுருவாகக் காட்ட விழைவோர்க்கு விடியற்காலையே வாய்ப்பு. மாலையில் கதிரவன் நிலத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறான். இதனை மறந்து முதல்நாள் மாலையில் சென்ற குழுவினர் வெறுங்கையுடன் மீண்டனர். முழு இருளில் கைபேசிப் படம் புள்ளிபுள்ளியாகச் சிதறும். ஆதலால் ஏரிக்கரைக் காட்சியைக் கதிரவன் மறைந்தபின் எஞ்சும் சிறுபொழுதில் எடுத்து, தொகுப்பின்போது இருளைக் கூட்டினர்.

இரண்டாம் பாடம் தொடர்ச்சி. ஒரு துண்டில் வலக்கையில் இருந்த பை அடுத்த துண்டில் இடக்கைக்கு மாறியிருந்தது. ஈரமணலில் இரண்டாம் முறை நடந்தபோது முதல்முறை பதிந்த சுவடுகள் காட்டிக்கொடுத்தன. ஆகவே ஒவ்வொரு முறையும் சுவடு படாத மணலைத் தேடி நகர வேண்டியதாயிற்று.

மூன்றாம் பாடம் ஒலி. கடற்காற்று ஒலிவாங்கியில் மோதி இரைச்சலாகப் பதிந்தது. பருத்தித் துணியைச் சுற்றியபின் ஓரளவு தணிந்தது. மேலும், ஒவ்வொரு துண்டிலும் அலையோசை வெவ்வேறு இடத்தில் அறுபடுவதால், துண்டுகளை ஒட்டும்போது காது உறுத்தும். எனவே அலையோசையை மட்டும் சில நிமிடம் தனியே பதிந்து, எல்லாத் துண்டுகளின் அடியிலும் ஒரே சீராகப் பரப்பினர். பின்தொடரும் காலடியோசையும் தனியே, சருகின்மேல் நடந்து பதிந்ததே.

தொகுப்பு மேசையில் நேர்ந்தது

கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், மாணவர் கேட்டதற்கிணங்கத் தம் முகத்தைப் படமெடுக்க இசைந்தார். வெண்தாடி, தலையில் துண்டு, கையில் நூலறுக்கும் சிறு கத்தி. தம் மகனின் படகு திரும்புகிறதா என்று கடலையே நோக்கியிருந்தார்.

முதல் தொகுப்பில் மாணவர் துண்டுகளை இவ்வாறு அடுக்கினர்: ஒற்றைச் செருப்பு, நீலப் பை, முதியவர் முகம், அவர் கையிலுள்ள கத்தி. வகுப்பில் திரையிட்டபோது பார்த்தவர் அனைவரும் ஒரே குரலில், "கிழவர்தாம் கொன்றவர்" என்றனர். குழுவினர் மகிழ்ந்தனர். ஆனால் அக்குழுவிலிருந்த மாணவர் ஒருவர் மட்டும் வாடியிருந்தார். வினவியபோது, "எங்கள் அத்தாவுக்கும் இப்படித்தான் தாடி இருக்கிறது, ஐயா. அவரை யாரேனும் படமெடுத்து இப்படி ஒட்டினால் அவரும் கொலைகாரராகத்தானே தெரிவார்?" என்றார். வகுப்பு அமைதியாயிற்று.

அவர் சுட்டியது திரைக்கலையின் அடிப்படை உண்மையாகும். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், நடிகர் ஒருவரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை உணவுக் கிண்ணம், சவப்பெட்டி போன்ற வெவ்வேறு படங்களோடு ஒட்டிக் காட்டினார். முகம் மாறவில்லை, பார்த்தவரோ அதில் பசியையும் துயரையும் கண்டதாகக் கருதினர் என்பர். பொருள் துண்டில் இல்லை. இரு துண்டுகளின் சேர்க்கையில் உள்ளது.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அரண்மனையில் ஒரு சிலம்பு காணாமற்போகிறது. அயலூரான் ஒருவன் கையில் ஒரு சிலம்பு இருக்கிறது. இரண்டும் தனித்தனி உண்மைகளே. பொற்கொல்லன் அவற்றை அடுத்தடுத்து வைத்தான். கோவலன் கள்வன் ஆனான். பாண்டியன் ஆராயாது நம்பினான். பிழையான ஓர் ஒட்டுதல் ஓர் உயிரையும் ஒரு நகரையும் கொண்டுபோயிற்று.

கதையின் நடுவே பிழையான ஒருவர்மீது ஐயத்தைத் திருப்புவது திகில் படத்தின் உரிமையன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே, 'அந்த நாள்' செய்ததும் அதுவே. ஆயின் முழுப்படத்தில் உண்மை வெளிப்பட்டு, குற்றமற்றவர் விடுவிக்கப்படும் காட்சி ஒன்று உண்டு. தொடக்கக் காட்சி மட்டும் எடுப்போர்க்கு அக்காட்சி இல்லை. அங்கே சுமத்திய பழி அங்கேயே நின்றுவிடும். அதுவும் நடிகர்மீதன்று, பெயரும் ஊரும் உடைய ஒரு மனிதர்மீது. மிகுதியான ஐயங்களை விலக்குமாறு திருமறை அறிவுறுத்துவதும் இங்கு நினைவிற்கு வந்தது.

மறு தொகுப்பு

மாணவர் கத்தித் துண்டை நீக்கினர். முதியவர் முகத்திற்குப் பின், அவர் உண்மையில் நோக்கிய கடலையும் தொலைவில் வரும் ஒற்றைப் படகையும் வைத்தனர். இறுதியில் நீலப் பையை அலை மெல்லத் தொட்டு மீள்கிறது, அலையோசைக்கிடையே ஏரிக்கரையில் கேட்ட அதே காலடியோசை மீண்டும் எழுகிறது, திரை இருள்கிறது. இதனைத் திரையிட்டபோது எவரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அச்சம் முன்னினும் மிகுந்திருந்ததாகவே அனைவரும் கூறினர். குற்றவாளி இவரென்று கண்டுவிட்டால் நெஞ்சம் தணிந்துவிடுகிறது. அறியாதபோதே அது பதைக்கிறது. அறத்தின் பொருட்டுச் செய்த மாற்றம் கலைக்கும் வலுவூட்டிற்று.

முடிவுரை

திகில் படத் தொடக்கத்தை எடுக்க விழையும் மாணவர்க்கு நாம் கூற விரும்புவன சில. இடத்தை முன்னரே சென்று, உரிய பொழுதில் பாருங்கள். இசைவு பெற்றே படமெடுங்கள். ஒலியைத் தனியே பதியுங்கள். தொகுத்தபின், படத்தில் தோன்றும் ஒவ்வொருவரும் தம்மைத் திரையில் கண்டால் என்ன நினைப்பர் என்று ஒருமுறை எண்ணுங்கள்.

மாணவர் அடுத்த வெள்ளிக்கிழமை மாலை மீண்டும் அக்கடற்கரைக்குச் சென்று, இரண்டாம் தொகுப்பை அப்பெரியவரிடம் கைபேசியில் காட்டினர். அவர் இருமுறை பார்த்துவிட்டு, தொலைவில் வந்த படகைச் சுட்டி, அது தம் மகனுடையது என்று மட்டும் கூறினாராம். முதல் தொகுப்பை மாணவர் அவருக்குக் காட்டவில்லை; அதனை அழித்துவிட்டதாக நம்மிடம் தெரிவித்தனர்.