மணிப்பூரின் மட்டக்குதிரை

மட்டக்குதிரை என்றதும் நம்மில் முதியோர்க்கு நினைவில் எழுவது ஜட்கா வண்டிதான். இரயிலடியில் கொள்ளுப் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சவாரிக்குக் காத்து நின்ற அந்த எளிய பிராணியை வீரத்தோடு சேர்த்து எண்ணியவர் எவரும் இலர். ஆயினும் நம் நாட்டின் கீழைக் கோடியிலே, மணிப்பூரில், ஒரு மட்டக்குதிரை இனம் படை நடத்தியிருக்கிறது. இக்காலப் போலோ ஆட்டத்தையும் உலகுக்கு வழங்கியிருக்கிறது. அவ்வினத்துக்கு இன்று நேர்ந்துள்ள இடுக்கண் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. மணிப்பூர் நமக்கு முற்றும் அயலான இடமும் அன்று. பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் வெளியேறிய தமிழருள் ஒரு சாரார் அதன் எல்லையூராகிய மோரேயில் குடியமர்ந்தனர் அன்றோ?

மணிப்பூரின் மெய்தெய் மக்கள் குதிரையைச் 'சகோல்' என்பர். அவர்களுடைய குதிரை 44 அங்குலம் முதல் 52 அங்குலம் வரை உயரமுடையது. வளர்ந்த மனிதனின் மார்பளவுக்கு மேல் அதன் முதுகு எழுவது அரிது. கட்டான உடல், உறுதியான குளம்பு, வழுக்கு நிலத்திலும் தவறாத காலடி ஆகியவை அதன் சிறப்பியல்புகள். ஓட்டத்தின் நடுவே சட்டென நிற்கவும், நின்ற இடத்திலேயே திரும்பவும் வல்லது. இவற்றினும் வியப்பானது அதன் உணவு. இம்பால் பள்ளத்தாக்கில் 'பாட்' எனப்படும் சதுப்பு ஏரிகள் பல உண்டு. அவற்றினுள் வயிறளவு நீரில் இறங்கி நின்று நீர்ப்புல்லை மேய்ந்தே இக்குதிரை வளர்ந்து வந்தது. கொள்ளும் வேண்டாம், கொட்டிலும் வேண்டாம். இதனை மறவாமல் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். பின்னர் வந்த கேடு அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் கரீப் நிவாஸ் என்னும் மணிப்பூர் மன்னர் பர்மாவினுள் நெடுந்தொலைவு படையெடுத்துச் சென்றபோது, அவர் வலிமை குதிரைப் படையிலேயே இருந்தது. 'அரம்பை' என்னும் எறிபடை அவ்வீரர்க்கே உரியது. புறமுதுகு காட்டி ஓடுவதுபோல் ஓடி, துரத்தி வருபவன்மீது பின்னோக்கி எறிவார்கள். பெயர் ஒன்றே யன்றி, நம் புராணத்து நடனமாதுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை!

போர் இல்லாத காலத்தில் ஆட்டம். 'சகோல் காங்ஜெய்' என்னும் அவ்வாட்டத்தில் பக்கத்துக்கு எழுவர். மூங்கில் வேரில் கடைந்த பந்து, பிரம்புக் கோல். கோல் கம்பங்கள் இல்லை. எதிரியின் எல்லைக் கோட்டை எந்த இடத்தில் பந்து கடந்தாலும் வெற்றிதான். இவ்வாட்டத்துக்கும் குதிரைக்கும் உரிய தெய்வம் மார்ஜிங். ஹெய்ங்காங் குன்றில் உள்ள அத்தெய்வத்தின் கோயிலில் குதிரை உருவங்களைக் காணிக்கையாக வைப்பர். ஐயனாருக்கு மண்குதிரை எடுத்த நமக்கு இவ்வழக்கத்தை விளக்கவும் வேண்டுமோ?

1819 முதல் 1826 வரை பர்மியர் மணிப்பூரைப் பாழ்படுத்தினர். உயிர் தப்பி அண்டைக் கச்சாருக்கு ஓடிய மணிப்பூர் மக்கள் அங்கேயும் தம் ஆட்டத்தைக் கைவிடவில்லை. அதனைக் கண்டு மயங்கிய ஷெரர், ஸ்டூவர்ட் என்னும் ஆங்கில அதிகாரிகள் 1859-இல் சில்சாரில் போலோ கழகம் நிறுவினர். பத்தாண்டுக்குள் ஆட்டம் கல்கத்தா வழியாக இங்கிலாந்தை அடைந்தது. பாரசீகத்திலும் லடாக்கிலும் இவ்வகை ஆட்டம் பழமையானதே. 'போலோ' என்ற சொல்லும் பால்டி மொழியில் பந்தைக் குறிப்பதுதான். எனினும் வெள்ளையர் கற்றது மணிப்பூர்க் குதிரையின் முதுகில் இருந்தவர்களிடமே. கற்றபின் அவர்கள் பெரிய குதிரைகளை நாடினர். குதிரையின் உயரத்துக்கு விதித்திருந்த வரம்பும் முதல் உலகப் போரை அடுத்து நீங்கவே, உலகப் போலோவில் மணிப்பூர்க் குதிரைக்கு இடமே இல்லாமற் போயிற்று.

இஃது ஒரு மானக்குறைவு, அவ்வளவே. உயிர்க்கு வந்த கேடு வேறு. மணிப்பூரில் குதிரையை உடையவர் பெரும்பாலும் எளிய குடும்பத்தினர். ஆட்டக் காலத்தில் பிடித்து வந்து ஏறுவர். முடிந்ததும் சதுப்பில் அவிழ்த்து விடுவர். பொது நிலம் ஊட்டியது, உடையவனுக்குச் செலவில்லை. இந்த ஏற்பாடு நிலம் இருக்கும்வரைதான் செல்லும். இம்பாலின் லாம்பெல்பாட் போன்ற சதுப்புகள் மண் கொட்டப்பட்டு அலுவலகங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. பசித்த குதிரைகள் தெருவுக்கு வந்தன, குப்பையோடு பிளாஸ்டிக் பையைத் தின்று மாண்டன, வண்டியில் அடிபட்டன. 2003-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கில் ஏறத்தாழ 1,900 ஆக இருந்த தொகை, 2012-இல் 1,100 அளவுக்கு இறங்கியது. வாங்கிக் கட்டித் தீனி போடலாகாதா என்று கேட்பவர், நீரில் மேய்ந்து பழகிய பிராணியின் இயல்பையும் உடையவனின் வருவாயையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

மாநில அரசு வாளா இருந்துவிடவில்லை. 2016-இல் இவ்வினத்தைக் காப்பதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. 2023 ஜனவரியில் ஹெய்ங்காங்கில் 122 அடி உயரப் போலோ வீரர் சிலையும் திறக்கப்பெற்றது. சிலை அழகியதுதான், குறை கூற நாம் முன்வரவில்லை. ஆனால் அச்சிலையிலுள்ள குதிரைக்குப் புல் வேண்டா. இம்பாலின் மாபால் காங்ஜெய்பூங் என்னும் பழம்பெரும் ஆட்டத் திடலில் ஓடுகிற குதிரைக்கோ, ஆட்டம் முடிந்த மாலையில் இறங்கி மேய்வதற்கு ஒரு சதுப்பு வேண்டும்.