நாமக்கல் லாரியின் கைப்பிரேக்

நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளும், அங்கிருந்து புறப்படும் எரிவாயு டேங்கர்களும், சங்ககிரியின் லாரித் தொழிலும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் சேலம் - நாமக்கல் சமவெளியின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றிருக்கின்றன. இவ்வண்டிகளில் ஓட்டுநரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நெம்புகோல்களுள், வெளியே அதிகம் தெரியாமல் உள்ளே அடியோடு மாறிப்போனது கைப்பிரேக் ஆகும்.

பழைய லாரிகளில் அது ஓட்டுநரின் பக்கத்தில் நின்ற நீண்ட இரும்புத் தண்டு. நெம்புகோல் என்பது ஒரு நிலையான புள்ளியைச் சுற்றித் திரும்பும் தண்டு. அப்புள்ளியிலிருந்து கைப்பிடி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்குக் கையின் விசை பெருகும். கைப்பிடி 40 செ.மீ. தொலைவிலும், பிரேக் கம்பி 5 செ.மீ. தொலைவிலும் இணைந்திருந்தால், 20 கிலோ இழுப்பு கம்பியில் 160 கிலோ இழுப்பாக மாறும். ஆனால் கம்பி 1 செ.மீ. நகர்வதற்குக் கை 8 செ.மீ. நகர வேண்டும் என்பதால், கம்பி தளர்ந்த வண்டியில் எவ்வளவு இழுத்தாலும் தண்டின் எல்லை முடிந்துவிடுமே தவிர பிரேக் பிடிக்காது. இழுத்த தண்டு பின்வாங்காதபடி, பல் வெட்டிய வளைந்த தகடும் அப்பல்லில் விழும் சிறு நாக்கும் அதைத் தாங்கிக்கொண்டன. 'கடகட'வென்ற அந்த ஒலி, நாக்கு ஒவ்வொரு பல்லாக ஏறியதன் ஒலியே.

2018-இல் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்ட பின் இரண்டு அச்சு லாரியே 18.5 டன் வரை இருக்கலாம் என்றாகிவிட்ட நிலையில், இத்தகைய எடையை மனிதக் கை இழுத்து நிறுத்துவது வீண் முயற்சி. கனரக லாரிகளில் இப்போது இருப்பது விரல்களால் நகர்த்தக்கூடிய சிறு பிடி. அது காற்றுக்கு வழி திறந்து மூடும் வால்வு மட்டுமே. பின்சக்கரங்களை ஒட்டிய கலன்களுக்குள் வலுவான ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. கம்ப்ரசர் நிரப்பும் காற்று அவற்றை அழுத்தி வைத்திருக்கும் வரையில் சக்கரம் உருளும். பிடியை இழுத்தால் காற்று 'புஸ்' என்று வெளியேற, ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடிக்கிறது. அதாவது முன்பு விசையைத் தந்த கை, இப்போது விசையை விடுவிக்க மட்டும் செய்கிறது. காற்றுக் குழாய் அறுந்தாலும் வண்டி ஓடாமல் நிற்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் சிறப்பு. காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் நகர்த்தாமல் ஏர் ஏறும் வரை ஓட்டுநர் காத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் பின்புறத்தில் வரிசையாக நிற்கும் நெம்புகோல்களும் இதே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்று ஜாக்கியை இறக்கும், இன்னொன்று கோபுரத்தை நிமிர்த்தும், மற்றொன்று துளைக்கும் தண்டைச் சுழற்றும். மூன்றிலும் உழைப்பது அழுத்தப்பட்ட எண்ணெயே, கை அதற்குத் திசை காட்டுகிறது. ஆயினும் நுட்பம் கையில்தான் இருக்கிறது. பாறை மாறுவதைத் தண்டின் அதிர்விலும் ஒலியிலும் உணர்ந்து, நெம்புகோலை அரைவாசி தள்ளுவதா முழுவதும் தள்ளுவதா என்று தீர்மானிப்பவர் அதை இயக்குபவரே.

70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் பாரத்துடன் நிறுத்தப்படும் லாரிக்கு, எத்தகைய கைப்பிரேக் இருந்தாலும், சக்கரத்துக்குக் கட்டை வைப்பதே முறை. பட்டறைக்காரர்கள் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு: ஸ்பிரிங் கலனுக்குள் பல நூறு கிலோ விசை எப்போதும் அடைபட்டிருப்பதால், அதற்கென உள்ள போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பூட்டாமல், கலனின் வளையத்தை யாரும் கழற்ற வேண்டாம்.