சித்திரையில் பிறந்தால் மறதி நோய் வருமா?

ஆடி வந்தால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவது கொங்கு வீடுகளில் இன்றும் உண்டு. ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம், தாய்க்கும் பிள்ளைக்கும் கஷ்டம் என்பது பெரியவர்கள் கணக்கு.

ஜெர்மனியிலும் பிறந்த மாதத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் பிறந்தவர்களுக்கு, கோடையில் பிறந்தவர்களைவிட டிமென்ஷியா வாய்ப்பு சற்றே குறைவு என்றது 2015-ல் வெளியான ஆய்வு. ஜாதகம் காரணமல்ல, சாப்பாடாக இருக்கலாம் என்கிறார்கள். அந்தக் காலத்துக் குளிரில் கர்ப்பிணிகளுக்குக் காய்கறி, பழம் கிடைப்பது அரிது. நம்மூரில் அப்படிக் குளிர்காலம் கிடையாது. எனவே சித்திரைக்காரர்கள் பயப்பட வேண்டாம்!

பிறந்த மாதத்தை மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை 14 என்று 2024-ல் பட்டியலிட்டது லான்செட் நிபுணர் குழு. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாம் தெரிந்ததுதான். காது மந்தமும் அதில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

சோமனூர், பல்லடம் பக்கம் போய்ப் பாருங்கள். விசைத்தறிச் சத்தத்திலேயே வாழ்நாளைக் கழித்த அப்புச்சிகள், "என்ன கண்ணு, சத்தமாச் சொல்லு" என்பார்கள். நாளடைவில் கேட்பதையே விட்டுவிடுவார்கள். விசேஷ வீட்டிலும் ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சு குறையக் குறைய மூளைக்கும் வேலை குறைகிறது. வயசாச்சு என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

கோவை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறனைப் பரிசோதித்துக்கொள்ளலாம். காது மிஷின் இரைகிறது என்று பீரோவில் வைத்துவிட்டாரா? திரும்ப எடுத்துப்போங்கள், அளவைச் சரிசெய்து தருவார்கள்.