பட்டமா? விருதா?

ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள் வருது. சார்ட்டில் “பாரத ரத்னா காமராஜர்” என்று எழுதப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

பாரத ரத்னா நம் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது. 1954-இல் தொடங்கியது. முதல் ஆண்டில் இராஜாஜி, இராதாகிருஷ்ணன், சர் சி.வி. இராமன் மூவரும் பெற்றனர். பதக்கம் அரச இலை வடிவில் இருக்கும். பணம் கிடையாது.

படிப்பு, இராணுவம் தவிர வேறு எதற்கும் அரசு பட்டம் தரக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு. “அப்போ இது மட்டும் எப்படி?” என்று வழக்கு வந்தது. இது பட்டம் அல்ல, விருது. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போடக்கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால் “பாரத ரத்னா விருது பெற்ற காமராஜர்” என்றே எழுதுவோம்.

காமராஜருக்கு 1976-இல், மறைந்த பிறகுதான் இவ்விருது கிடைத்தது. ஆனா ஜனங்க மனசுல முன்னாடியே இடம் பிடிச்சிட்டார். எப்படி? மேடையில் அடுக்குமொழி கிடையாது. வீட்டுப் பெரியவங்க மாதிரி நாலு வார்த்தை. யாராவது குறை சொன்னால் “ஆகட்டும், பார்க்கலாம்” என்பார். 1997-இல் இவ்விருது பெற்ற அப்துல் கலாம், மாணவர்களைக் கேள்வி கேட்கச் சொல்வார். 2015-இல் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து மறைந்தார்.

நம்ம பள்ளிக்கு யாராவது பெரியவங்க வந்தா நாம கை தட்டுறோம், அவ்வளவுதான். அதுலயும் பொண்ணுங்க வாயே திறக்கிறதில்லை. தலைவர் பேசுவது பாதி, நாம் கேட்பது மீதி. அடுத்த முறை முதல் கேள்வி நான் கேட்கிறேன். ரெண்டாவது யாரு?