யானைக் கோட்டை சரிந்தது எந்தத் தேர்தலில்?

கொழும்பு மாநகர சபை 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில்தான் கைமாறியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48, ஐக்கிய மக்கள் சக்திக்கு 29. யானைச் சின்னத்துடன் பல தசாப்தங்களாக நகரை ஆண்ட ஐக்கிய தேசியக் கட்சிக்கு வெறும் 13. ஆனால் அந்தக் கோட்டை அதற்கு முன்பே உள்ளிருந்து பிளந்துவிட்டது என்பதே என் வாதம். அது எதனால் கட்டப்பட்டிருந்தது என்று பார்த்தால் இது விளங்கும். கொழும்பு மத்தியில் ரணசிங்க பிரேமதாச வேரூன்ற வைத்த அமைப்பு, அவருக்கு நெருக்கமான சிறிசேன குரே 1979இலிருந்து பத்தாண்டுகள் மேயராக இருந்து பலப்படுத்திய தொடர்புகள், கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை தமிழ், முஸ்லிம் வாக்காளர் மாற்று அணிமீது கொண்டிருந்த அச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் யானையின் பலம். 2006இல் வேட்புமனு நிராகரிக்கப்பட்டு யானைச் சின்னமே வாக்குச்சீட்டில் இல்லாதபோதும், கட்சி கைகாட்டிய சுயேச்சைக் குழு கண்ணாடிச் சின்னத்தில் வென்றது. சின்னம் இல்லாமலே வெல்லக்கூடிய அமைப்பு அது. 2018இலும் ரோசி சேனாநாயக்க அந்தக் கட்சியின் மேயராகவே வந்தார்.

2020இல் அந்த அமைப்பு இரண்டானது. பிரேமதாசவின் மகன் சஜித் ஐக்கிய மக்கள் சக்தியுடன் வெளியேற, மனோ கணேசனின் தமிழ் முற்போக்குக் கூட்டணியும் அவர் பக்கம் நின்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவே கொழும்பு மாவட்டத்தில் தோற்றார். 2022 பொருளாதார நெருக்கடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்கள் இந்தத் திகதியைக் கவனிக்க வேண்டும். எரிபொருள் வரிசைகளுக்கு முன்பே யானை விழுந்துவிட்டது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: 29ஐயும் 13ஐயும் கூட்டினாலும் 42தானே, பிளவு மட்டும் எப்படிக் காரணமாகும்? நியாயமான கேள்வி. பிளவு வாக்குகளைப் பங்கிட்டதோடு நிற்கவில்லை, தலைமுறைப் பழக்கத்தையும் அறுத்தது. யானையை ஒருமுறை விட்டுவந்தவருக்கு இரண்டாம் முறை கட்சி மாறுவது கடினமல்ல. அந்த இரண்டாம் நகர்வுக்குத்தான் நெருக்கடி வழிவிட்டது.

அமெரிக்காவின் பெரிய மாநிலங்களிலும் மாற்றம் ஒரே இரவில் வருவதில்லை. டெக்சாஸ் 1980 முதல் ஜனாதிபதித் தேர்தல்களில் குடியரசுக் கட்சிக்கே வாக்களிக்கிறது. ஆனாலும் மாநிலக் கீழவை அந்தக் கட்சியிடம் வந்தது 2002 தேர்தலில்தான். மேல்மட்டத்தில் மனம் மாறிய வாக்காளர், தெருவில் தெரிந்த பழைய முகங்களை நெடுங்காலம் கைவிடவில்லை. கொழும்பிலும் அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை. 2024 பொதுத்தேர்தலில் மாவட்டத்தின் 18 ஆசனங்களில் 14ஐ வென்ற தேசிய மக்கள் சக்தி, மாநகர சபையில் தனிப் பெரும்பான்மைக்கு 11 ஆசனங்கள் குறைவாகவே பெற்றது. அக்கட்சியின் விராய் கெலி பல்தசார் 2025 ஜூன் 16இல் மேயரானது இரகசிய வாக்கெடுப்பில், 61க்கு 54 என்ற கணக்கில். அந்த 61இல் குறைந்தது 13 வாக்குகள் பிற கட்சிகளும் சுயேச்சைகளும் தந்தவை; அடுத்த தேர்தல்வரை அவை அவர் பக்கமே நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.